அம்மாவின் 19, அப்பாவின் 28

கேள்வி: எங்கள் ஊர் மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்கு 68 வயது, மூன்றாவது வரைதான் படித்தவர். அப்பாவுக்கு 74, கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் ஊர் சமுதாயக் கூடத்தில் 60 வயது தாண்டியவர்களுக்கு ஞாபகமறதி முகாம் நடத்தினார்கள். 30 மதிப்பெண்ணுக்கு ஒரு பரிசோதனை. அம்மாவுக்கு 19, அப்பாவுக்கு 28. அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) ஆரம்பம் என்று சொல்லி டோனெபெசில் 5 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்து, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். மாத்திரை போட்டதிலிருந்து அம்மாவுக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு. அதைவிட, மனசு விட்டுப்போய்விட்டது. மகளிர் குழுக் கணக்கையும் பால் கணக்கையும் இத்தனை வருஷம் வாயாலேயே போட்டவர், இப்போது குழுவுக்கே போவதில்லை. “எனக்குப் புத்தி பேதலிச்சிருமா” என்று ராத்திரியில் கேட்கிறார். மாத்திரையை நிறுத்தலாமா? ஸ்கேன் எடுக்கணுமா? அப்பாவைப் பற்றிக் கவலையில்லை. கொஞ்ச நாளாகச் சிடுசிடுவென்று இருக்கிறார், கரண்ட் பில்லை இரண்டு தடவை கட்டிவிட்டார், சந்தையிலிருந்து திரும்பும்போது பஸ் மாறி ஏறிவிட்டார். வயசுதானே? சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கடைசியாக ஒன்று: சர்க்கரை, பிபி பார்ப்பதுபோல இந்தப் பரிசோதனையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எல்லா முதியவர்களுக்கும் செய்தால் நல்லதுதானே?

– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி அம்மாவைப் பற்றியது. எனக்குக் கவலை தருவது அப்பாவைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று வரிகள். ஆனாலும் ராத்திரி தூங்காமல் கேட்டுக்கொண்டிருப்பவர் அம்மா என்பதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

முகாமில் எந்தத் தாளை வைத்துக் கேட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 30 மதிப்பெண் என்பதால் பெரும்பாலும் எம்.எம்.எஸ்.இ. என்று நாங்கள் சொல்லும் சோதனையாக இருக்கும். மருத்துவர்களான ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் 1975இல் அமெரிக்காவில் வெளியிட்டது, மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்ட நோயாளிகளைப் படுக்கைப் பக்கத்திலேயே சோதிக்க உருவாக்கியது. பொதுவாக 24க்குக் கீழே போனால் சந்தேகம் என்பார்கள். அந்த முப்பதும் எதெதற்குப் போகிறது என்று பாருங்கள். தேதி, மாதம், வருஷம், இருக்கும் இடம் இவற்றுக்கு 10. மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்க 3, சற்று நேரம் கழித்து அதே சொற்களை ஞாபகப்படுத்த 3. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க 5. மீதி 9 மொழிக்கும் கைவேலைக்கும். அதில் ஒரு வரியைப் படித்து அதன்படி செய்வது, ஒரு வாக்கியம் எழுதுவது, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது எல்லாம் அடக்கம்.

மூன்றாவதோடு பள்ளியை விட்டு, அதற்குப் பிறகு பேனாவே பிடிக்காத ஒருவருக்கு நூறில் ஏழு கழிக்கிற 5, படிப்பதற்கு 1, எழுதுவதற்கு 1, வரைவதற்கு 1 என்று 8 மதிப்பெண் மூளையில் ஒரு குறையும் இல்லாமலேயே போய்விடலாம். மிச்சம் 22. இன்றைக்கு என்ன தேதி என்று இங்கிலீஷ் தேதியைக் கேட்டிருப்பார்கள். உங்கள் அம்மாவைப் போன்றவர்களிடம் அமாவாசை எப்போது, அடுத்த கிருத்திகை எப்போது, ஆடி பிறந்து எத்தனை நாள் என்று கேட்டால் நாள்காட்டி பார்க்காமல் சொல்வார்கள். அந்தப் பதிலுக்குத் தாளில் இடம் கிடையாது. அதில் இரண்டு மூன்று போனால் 19 வந்துவிடுகிறது. உங்கள் அம்மா இப்படித்தான் மதிப்பெண் இழந்தார் என்று தாளைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. முகாம் நடத்தியவர்களிடம் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. மூன்று சொற்களை ஞாபகப்படுத்தும் இடத்தில் பூஜ்யம் என்றால் ஒரு கதை, கழித்தலிலும் வரைவதிலும் பூஜ்யம் என்றால் வேறு கதை. மொத்தம் 19 என்ற எண் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் பள்ளிக்கே போகாத முதியவர்களிடம் ஆய்வு செய்தபோது மேரி கங்கூலியும் அவரோடு இருந்தவர்களும் இதே சிக்கலில் மாட்டினார்கள். 1995இல் சோதனையையே மாற்றி இந்தியில் வெளியிட்டார்கள். கழித்தலுக்குப் பதில் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். எழுதுவதற்குப் பதில் ‘உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்’ என்றார்கள். ‘கண்ணை மூடுங்கள்’ என்ற வரியைப் படித்து அதன்படி செய்வதற்குப் பதில், சோதிப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யச் சொன்னார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தமிழ் பேசும் கிராமத்து முதியவர்களுக்கென்றே சிறு சோதனைக் கேள்விகளை உருவாக்கி 2009இல் வெளியிட்டார்கள். இவ்வளவும் இருக்கும்போது 1975ஆம் வருஷத்துத் தாளை அப்படியே மொழிமாற்றி, படிக்காத ஒரு பெண்ணின் கையில் பேனாவைத் திணிப்பது சோம்பல்தான், எனக்கு அதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

டிமென்ஷியா என்று சொல்ல, ஞாபகத்திலோ யோசிப்பதிலோ பழைய நிலையிலிருந்து இறக்கம் இருக்க வேண்டும். அந்த இறக்கம் அன்றாட வேலையைப் பாதிக்கவும் வேண்டும். யாருக்கு எத்தனை லிட்டர் ஊற்றினோம், யார் எவ்வளவு பாக்கி, குழுவில் யார் தவணை கட்டவில்லை என்று முகாமுக்கு முந்தின வாரம் வரை வாயால் கணக்குச் சொன்னவருக்கு அன்றாட வேலையில் என்ன பாதிப்பு? முகாமுக்குப் பிறகு குழுவுக்குப் போகவில்லை என்கிறீர்கள். அது பயம். அந்தக் கணக்கில் இதற்கு முன் பிசகு வந்ததா என்று குழுவின் செயலாளரிடமோ பால் வாங்குகிறவர்களிடமோ மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பதிலை 19ஐவிட அதிகம் நம்புவேன்.

மாத்திரை விஷயம். டோனெபெசில், டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் நோய் என்று உறுதியானவர்களுக்கு ஓரளவு உதவும் மருந்து. டிமென்ஷியா இல்லாதவருக்கு அதனால் ஞாபகம் கூடாது, வராமல் தடுக்கவும் செய்யாது. குமட்டலும் வயிற்றுப்போக்கும் அதன் பழகிய பக்கவிளைவுகள். நாடித்துடிப்பையும் குறைக்கும். தலைசுற்றல், மயக்கம் இருந்தால் அன்றைக்கே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு மாதம் 5 மில்லிகிராம் சாப்பிட்டவர் நிறுத்துவதால் ஆபத்து வராது, என்றாலும் என் எழுத்தை வைத்து நிறுத்த வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் விவரம் சொல்லி, அவர் பார்த்துச் சொல்லட்டும். எம்.ஆர்.ஐ. இப்போதைக்கு வேண்டாம். பி12, தைராய்டு, ரத்த அணுக்கள் இவற்றைப் பார்க்கலாம். கண்ணில் புரை இருக்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சமுதாயக் கூடத்து இரைச்சலில் மூன்று சொற்கள் காதிலேயே விழாமல் போயிருந்தால் ஞாபகம் வைப்பது எப்படி? ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துப் படிப்புக்கு ஏற்ற சோதனையை அமைதியான அறையில் செய்து, அம்மாவை அம்மாவோடேயே ஒப்பிடலாம்.

அதுவரை “உனக்கு ஒண்ணுமில்லம்மா” என்று வெறும் வார்த்தையாகச் சொல்லாதீர்கள், நம்பமாட்டார். பள்ளிக்கூடப் பரீட்சை வைத்தார்கள், அதில் மார்க் குறைந்தது, அவ்வளவுதான் என்று விளக்கிவிட்டு அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கையோடு கூட்டிப் போங்கள்.

இனி அப்பா. 28 வாங்கினார் என்பதால் அவர் கணக்கை நீங்கள் மூடிவிட்டீர்கள். அதே தாள்தான் இங்கே எதிர்ப்பக்கம் ஏமாற்றுகிறது. வாழ்நாள் முழுக்கப் பேரேட்டில் தேதி போட்டுக் கூட்டிக் கழித்தவருக்கு நூறில் ஏழு கழிப்பதும் தேதி சொல்வதும் உடம்பில் ஊறிய வேலை. நோய் தொடங்கிச் சில காலம் வரைக்கும் அது கைவிடாது. திட்டமிடுவது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மனசில் வைத்திருப்பது, தவறு நடந்தால் உணர்ந்து திருத்துவது போன்றவற்றை அந்தச் சோதனை அநேகமாகத் தொடுவதே இல்லை. அவருக்கு எம்.எம்.எஸ்.இ.யைவிட மாண்ட்ரியலில் உருவாகி 2005இல் வெளியான மோக்கா சோதனை பொருத்தம். அதற்குத் தமிழ் வடிவமும் உண்டு.

ஆனால் எந்தச் சோதனைக்கும் முன்னால் நான் கேட்பது கூட வாழ்கிறவரிடம். கணக்கர் ஒருவர் ஒரே பில்லை இரண்டு முறை கட்டுவது, தினமும் ஏறிய பஸ்ஸை மாற்றி ஏறுவது, சுபாவம் மாறுவது மூன்றும் சேர்ந்து வந்தால் ‘வயசுதானே’ என்று விட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சட்டென்று வராமல் சாயங்காலம் ஞாபகம் வந்தால் அது வயசு. அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? பென்ஷன் பணத்தை எடுத்துவந்து எங்கே வைத்தோம் என்று தேடி, யாரோ எடுத்துவிட்டதாகச் சந்தேகப்படுகிறாரா? மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று குழம்புகிறாரா? செல்போனிலோ டிவி ரிமோட்டிலோ முன்பு செய்ததை இப்போது செய்யத் திணறுகிறாரா? பேப்பர் படிப்பது, சீட்டாட்டம், கோயில் கமிட்டி என்று இருந்த ஆர்வம் போய்விட்டதா? எப்போதிலிருந்து? அமெரிக்காவில் ஏடி-8 என்று எட்டே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. கேள்விகளை வீட்டாரிடம்தான் கேட்கிறார்கள், ‘சில வருஷங்களில் மாற்றம் உண்டா’ என்றுதான் கேட்கிறார்கள். இரண்டுக்கு ‘ஆமாம்’ வந்தால் மேலே பார்க்க வேண்டும். படித்தவரா படிக்காதவரா என்பது இங்கே பெரிதாகக் குறுக்கே வராது, ஏனென்றால் அவரை அவருடைய பழைய நிலையோடுதான் ஒப்பிடுகிறோம்.

இதனால் அப்பாவுக்கு டிமென்ஷியா என்று நான் சொல்லவில்லை. வேறு பல காரணங்களும் இதே வேஷத்தில் வரும், அவற்றில் இரண்டு உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் என்றால், பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறையும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை என்றால் சாப்பாடு தள்ளிப்போகும்போது சர்க்கரை இறங்கிக் குழப்பமும் எரிச்சலும் வரும். சந்தைக்குப் போன அன்று மத்தியானம் சாப்பிட்டாரா என்று விசாரியுங்கள். தூக்க மாத்திரை அடுத்தது. அது அல்பிரசோலமாக இருந்தால், அதுவே பகலில் மந்தத்தையும் மறதியையும் கொடுக்கும், இரவில் விழவும் வைக்கும். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சளிக்கு, அரிப்புக்கு, சிறுநீர் அவசரத்துக்கு, நரம்பு வலிக்கு என்று கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் வயதானவர்களின் ஞாபகத்தைக் குழப்பும். இவை தவிர தைராய்டு குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவு, மனச்சோர்வு, காது மந்தம். சில வாரங்களுக்கு முன் எங்காவது தலை இடிபட்டிருந்தால் உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகவே இவருக்கு ரத்தப் பரிசோதனைகளோடு ஒருமுறை தலை ஸ்கேனும் தேவைப்படும், சி.டி.யே பல நேரம் போதும். முழுக்கச் சரியாகிவிடும் காரணம் கிடைப்பவர்கள் குறைவுதான். அதற்காகத் தேடாமல் விட முடியாது. டிமென்ஷியாவே இருந்தாலும் இவற்றைச் சரிசெய்தால் ஆள் தெளிவார்.

ஒரு எச்சரிக்கை. குழப்பம் சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ திடீரென்று வந்தால், ஆள் அரைத்தூக்கத்தில் இருந்தால், வாய் கோணினால், கை கால் விளங்காமல் போனால் வெளிநோயாளர் சீட்டுக்கு வரிசையில் நிற்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

அப்பாவை எப்படி வரவழைப்பது என்பதுதான் உங்களுக்கு மலைப்பாக இருக்கும். “மறதிக்குக் காட்டலாம்” என்றால் வரமாட்டார், 28 வாங்கியவர் வேறு. சர்க்கரைக்கு வருஷாந்திர பரிசோதனை என்று அழையுங்கள், அது பொய்யுமல்ல. போகும்முன் ஒரு தாளில் நடந்தவற்றை நாள் வாரியாக எழுதி, முன்கூட்டியே மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் எதிரில் குற்றப்பத்திரிகை வாசித்தால் வீட்டுக்கு வந்து அம்மாதான் வாங்கிக் கட்டிக்கொள்வார். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், காலாவதியானவை உள்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்று பேரப்பிள்ளைகளை விட்டுப் பரீட்சை வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பல வீடுகளில் நடக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் கட்டப் பரிசோதனைகளை முடித்து, திருச்சி அரசு மருத்துவமனையின் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.

முடிவு எப்படி வந்தாலும் ஒன்றை இப்போதே செய்யலாம். பென்ஷன் வங்கிக் கணக்கில் அம்மாவைச் சேர்ப்பது, நாமினி விவரம், நிலப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று எல்லோரும் தெரிந்துகொள்வது, போனில் ஓ.டி.பி. கேட்பவர்களைப் பற்றிப் பேசி வைப்பது. அவர் தெளிவாக இருக்கும்போது அவர் விருப்பப்படி, அண்ணன் தம்பி அனைவருக்கும் தெரிந்து நடக்க வேண்டும். யாராவது ஒருவர் மட்டும் கையெழுத்து வாங்கினார் என்ற பேச்சு வந்தால், நோயைவிட அது குடும்பத்தை அதிகம் உடைக்கும். நான் பார்த்த குடும்பங்களில் அப்படித்தான்.

கடைசிக் கேள்வி: எல்லா முதியவர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யலாமா? உங்கள் எண்ணம் நல்லது. கணக்குத்தான் உதைக்கிறது. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளியான லாசி-டாட் என்ற தேசிய அளவிலான ஆய்வு கணித்தது. ஆயிரம் பேர் என்றால் 74 பேர். ஒரு சோதனை நோயுள்ள நூறு பேரில் 80 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாத நூறு பேரில் 80 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறு சோதனைக்கு இது மோசமில்லை. அந்த 74இல் 59 பேர் அகப்படுவார்கள். மீதி 926 பேரில் 185 பேரும் சேர்ந்து அகப்படுவார்கள். ‘சந்தேகம்’ என்று சீட்டு வாங்கும் நால்வரில் மூவருக்கு நோய் இருக்காது. நோய் இருந்தும் ‘பரவாயில்லை’ என்று திரும்புகிறவர்கள் 15 பேர் இருப்பார்கள். படிப்பறிவு குறைந்த ஊரில் படித்தவர்களுக்கான தாளை வைத்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதனால்தான் எந்த அறிகுறியும் இல்லாத முதியவர்களுக்குப் பொதுவாகச் சோதிப்பதற்குச் சான்று போதாது என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2020இல் சொன்னது. இப்படிப்பட்ட பொதுப் பரிசோதனைகளுக்கான பிரிட்டனின் தேசியக் குழு பரிந்துரைக்கவே இல்லை. 2014இல் இங்கிலாந்தில் புதிதாகக் கண்டறியும் ஒவ்வொரு டிமென்ஷியா நோயாளிக்கும் குடும்ப மருத்துவருக்கு 55 பவுண்டு என்று அறிவித்தார்கள். தலைக்கு விலையா என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த மார்ச்சோடு அது முடிந்தது. நேரடியாக இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் குடும்ப மருத்துவ நிலையங்களில் 65 வயது தாண்டிய நாலாயிரம் பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சோதித்தார்கள், மற்றதை விட்டுவிட்டார்கள். ஓராண்டு கழித்து வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசமில்லை. மனச்சோர்வும் பதற்றமும் கூடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே சந்தேகம் வந்தவர்களை அடுத்து முறையான மதிப்பீட்டுக்குத்தான் அழைத்தார்கள், பெரும்பாலோர் போக மறுத்தார்கள் என்பது வேறு விஷயம். உங்கள் ஊரில் நடந்ததுபோல மேடையிலேயே நோய்ப் பெயரையும் மாத்திரையையும் கையில் கொடுத்து அனுப்பவில்லை.

எனவே முகாம் வேண்டாம் என்பேன், கேள்வி வேண்டும் என்பேன். பக்கவாதம் வந்தவர், பல வருஷச் சர்க்கரை நோயாளி, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர், சொன்ன தேதிக்கு வராமல் வேறு நாளில் வந்து நிற்பவர், எதைக் கேட்டாலும் மனைவியின் முகத்தைப் பார்ப்பவர் இவர்களைப் பார்க்கும்போது மருத்துவர் வீட்டாரிடம் ஒரு நிமிஷம் ‘முன்போல இருக்கிறாரா?’ என்று கேட்டாலே போதும். ஆமாம் என்றால் விட்டுவிடலாம், இல்லை என்றால் சோதனைக்குப் போகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். போன மாதம் கொடுத்த மாத்திரை எத்தனை மிச்சம் என்று அட்டையைப் பார்க்கிற பெண் தன்னார்வலருக்கு, எந்தத் தாளும் இல்லாமலேயே யாருக்கு ஞாபகம் தளர்கிறது என்று தெரிந்துவிடும். அவர் சொன்னால் கேட்டுக்கொண்டு அடுத்த நடவடிக்கை எடுக்க நிலையத்தில் ஆள் வேண்டும், அதற்குத்தான் நாம் குரல் கொடுக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு அனுப்ப இடமில்லாமல் கண்டுபிடிப்பதை மட்டும் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்னொன்று, 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் டிமென்ஷியாவுக்குப் பட்டியலிட்ட 14 தடுக்கக்கூடிய காரணிகளில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, காது மந்தம் எல்லாம் வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் ஏற்கெனவே செய்யும் வேலையைச் சரியாகச் செய்தாலே மறதி நோய்க்கு எதிராக நிறையச் செய்தாயிற்று.

உங்கள் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் அப்பாவைப் பற்றி இந்த மாதமே சொல்லி வையுங்கள். நீங்கள் கோவையில் இருப்பதால், அம்மா தனியாகச் சமாளிக்கத் திணறினால் முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416 இரண்டையும் அவர் போனில் பதிந்து கொடுங்கள். அம்மாவின் பி12 முடிவும் அப்பாவின் மாத்திரைப் பட்டியலும் கைக்கு வந்தால் எனக்கு எழுதுங்கள், மருந்துகளின் பெயர்களைப் பார்த்துச் சொல்கிறேன்.